இணையப் பக்கம் எழுதக் கற்போம்: ஹெச்டிஎம்எல் அடிப்படைகள்

 

சென்ற கல்வியாண்டில் உயர்கல்வி உதவித்தொகை அறிவிப்பை வெளியிட்டபோது எங்கள் பக்கம் ஒரு தவறு நடந்துவிட்டது. அறிவிப்பை வண்ணமயமாக வடிவமைத்து, ஒரே படமாக்கி, வாட்ஸ்அப் குழுக்களில் அனுப்பினோம். பார்த்தவர்கள் பாராட்டினார்கள். கடைசி நாள் முடிந்து ஒரு வாரம் கழித்துப் பார்வையற்ற சகோதரர் ஒருவர் அலுவலகத்துக்கு வந்தார். கைபேசியில் வரும் எழுத்தை வாசித்துக் காட்டும் வசதியின் துணையோடுதான் அவர் செய்திகளை அறிந்துகொள்கிறார். எங்கள் அறிவிப்பு வந்தபோது கைபேசி ‘படம்’ என்று மட்டும் சொல்லியிருக்கிறது. யாரோ வாழ்த்துப் படம் அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்து விட்டுவிட்டார். அவருடைய மகள் அந்த ஆண்டு கல்லூரியில் சேர இருந்தவர். நிதி முழுவதும் அதற்குள் பகிர்ந்து கொடுக்கப்பட்டிருந்தது.

அடுத்த வாரமே, பதினோராம் வகுப்பில் கணினிப் பயன்பாடுகள் பாடம் படிக்கும் நம் மாணவி ஒருவர் அதே அறிவிப்பை ஓர் இணையப் பக்கமாக எழுதிக்கொண்டு வந்தார். மொத்தம் முப்பது வரிகூட இல்லை. அந்தச் சகோதரரின் கைபேசியில் திறந்தோம். தலைப்பு, தகுதி, தேவையான சான்றுகள், கடைசி நாள் என எல்லாவற்றையும் வரிசையாக வாசித்துக் காட்டியது. ஒரு தலைப்பிலிருந்து அடுத்த தலைப்புக்கு அவராலேயே தாவிச் செல்லவும் முடிந்தது.

அந்த மாணவி பயன்படுத்தியது ஹெச்டிஎம்எல். அதன் அடிப்படைகளை நம் வீட்டுப் பிள்ளைகள், படிப்பை இடையில் நிறுத்திவிட்டு வீட்டில் இருக்கும் சகோதரிகள், சிறுதொழில் செய்பவர்கள் என எவரும் இரண்டு வாரங்களில் செலவில்லாமல் கற்றுக்கொள்ளலாம். அதற்கான தொடக்கமே இக்கட்டுரை.

ஹெச்டிஎம்எல் என்றால் என்ன?

ஹைப்பர்டெக்ஸ்ட் மார்க்அப் லாங்குவேஜ் என்பதன் சுருக்கமே ஹெச்டிஎம்எல். எழுத்துக்கு அடையாளக் குறி இடும் மொழி என்று பொருள் கொள்ளலாம். இது கணக்குப் போடும் நிரல் மொழி அல்ல. ‘இது நடந்தால் அதைச் செய்’ என்று கணினிக்குக் கட்டளையிடும் வேலை இதில் இல்லை. ஆகவே ‘கணக்கு வராது, எனக்குக் கணினி வருமா?’ என்று தயங்குபவர்களுக்கு இது நல்ல முதல் படி.

கல்யாணப் பத்திரிகையை எண்ணிப் பாருங்கள். அச்சகத்துக்குக் கையெழுத்துப் பிரதியைக் கொடுக்கும்போது, ‘இது தலைப்பு, இது மணமக்கள் பெயர், இது இடம், இது நேரம்’ என்று ஓரத்தில் குறித்துக் கொடுக்கிறோம். அச்சுக்கோப்பவர் அந்தக் குறிப்பைப் பார்த்து எழுத்தைப் பெரிதாக்குவதா, தனி வரியில் போடுவதா என்று முடிவு செய்கிறார். ஹெச்டிஎம்எல் செய்வதும் அதுவே. எது தலைப்பு, எது பத்தி, எது பட்டியல், எது வேறு பக்கத்துக்கான இணைப்பு என்று நாம் குறித்துக் கொடுக்கிறோம். குரோம், ஃபயர்ஃபாக்ஸ் போன்ற உலாவிகள் அதைப் படித்துத் திரையில் அடுக்கிக் காட்டுகின்றன.

எங்கள் படத்துக்கும் அந்த மாணவியின் பக்கத்துக்கும் உள்ள வேறுபாடும் இங்கேதான் இருக்கிறது. படத்தில் பெரிய எழுத்தில் இருப்பது தலைப்பு என்பது கண்ணால் பார்ப்பவருக்கு மட்டுமே தெரியும். ஹெச்டிஎம்எல் பக்கத்தில் ‘இது தலைப்பு’ என்று எழுதியே இருக்கிறது. அதனால் வாசித்துக் காட்டும் செயலிக்கும், தேடுபொறிக்கும், மொழிபெயர்ப்புக் கருவிக்கும் அது புரிகிறது. கண் மங்கிய பெரியவர்களும் எழுத்தைப் பெரிதாக்கிப் படித்துக்கொள்ளலாம்.

இது யாருடைய சொத்து?

ஸ்விட்சர்லாந்தின் ஜெனீவா அருகே உள்ள செர்ன் என்ற அணு இயற்பியல் ஆய்வு மையத்தில் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ்-லீ என்ற ஆங்கிலேயர் 1989ல் இணைய வலைக்கான திட்டத்தை முன்வைத்தார். பல நாட்டு ஆய்வாளர்கள் பலவகைக் கணினிகளில் வைத்திருந்த ஆவணங்களை ஒன்றோடொன்று இணைத்துப் படிக்க வழி வேண்டும் என்பதே அவருடைய தேவை. 1990 இறுதியில் முதல் இணையதளம் அங்கே இயங்கியது. 1991ல் அவர் வெளியிட்ட தொடக்கக் குறிப்பில் இருந்த டேக்குகள் ஏறத்தாழ 18 மட்டுமே. 1993 ஏப்ரல் 30 அன்று செர்ன் நிறுவனம் இந்தத் தொழில்நுட்பத்தை உரிமைத்தொகை எதுவுமின்றி எல்லோருக்கும் பொதுவாக்கியது.

இன்று நாம் ஓர் இணையப் பக்கம் எழுத யாரிடமும் அனுமதி கேட்கவோ மென்பொருள் வாங்கவோ தேவையில்லாததற்கு அந்த முடிவே காரணம். இப்போது ஹெச்டிஎம்எல்லில் நூற்றுக்கும் மேற்பட்ட டேக்குகள் உள்ளன. அன்றாட வேலைக்கு இருபது தெரிந்தால் போதும்.

என்னென்ன தேவை?

ஒரு பழைய கணினி போதும். விண்டோஸ் கணினியில் ஏற்கெனவே இருக்கும் நோட்பேட், பக்கத்தைத் திறந்து பார்க்க ஓர் உலாவி, இவை இரண்டுமே கருவிகள். எழுதும்போது இணைய இணைப்புகூடத் தேவையில்லை. கணினி இல்லாத வீட்டில் ஆண்ட்ராய்டு கைபேசியில் ஓர் எழுத்துத் தொகுப்புச் செயலியை நிறுவியும் பழகலாம். ஆனால் சிறு திரையில் அடைப்புக்குறிகளை அடிப்பது சிரமம். முடிந்தால் கணினியிலேயே தொடங்குங்கள்.

முதல் பக்கம்

கவனிக்க: நம் இதழில் டேக்குகளின் பெயரை உச்சரிக்கும்படி தமிழில் அச்சிட்டிருக்கிறோம். கணினியில் அடிக்கும்போது அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில்தான் அடிக்க வேண்டும். டேக்குகளுக்கு இடையே வரும் நம் செய்தி தமிழிலேயே இருக்கலாம்.

<!டாக்டைப் ஹெச்டிஎம்எல்>
<ஹெச்டிஎம்எல் லாங்="டிஏ">
<ஹெட்>
<மெட்டா சார்செட்="யூடிஎஃப்-8">
<டைட்டில்>கல்வி உதவி அறிவிப்பு</டைட்டில்>
</ஹெட்>
<பாடி>
<ஹெச்1>உயர்கல்வி உதவித்தொகை</ஹெச்1>
<பி>விண்ணப்பிக்கக் கடைசி நாள்: ஜூன் 30.</பி>
</பாடி>
</ஹெச்டிஎம்எல்>

இதில் உள்ளதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கோண அடைப்புக்குள் இருக்கும் ஒவ்வொன்றும் ஒரு டேக். பெரும்பாலும் இவை ஜோடியாக வரும். <பி> என்பது பத்தி தொடங்குகிறது என்று சொல்கிறது. சாய்கோட்டுடன் வரும் </பி> பத்தி முடிந்தது என்கிறது. டப்பாவைத் திறந்தால் மூட வேண்டும் என்பதுபோல இதை நினைவில் வையுங்கள். பெரிய டப்பாவுக்குள் சிறிய டப்பாவை வைத்தால், சிறியதை மூடிய பிறகுதான் பெரியதை மூட முடியும். டேக்குகளுக்கும் அதே ஒழுங்குதான்.

முதல் வரி, இது இக்கால ஹெச்டிஎம்எல் ஆவணம் என்று உலாவிக்கு அறிவிக்கிறது. ஹெட் பகுதியில் இருப்பவை பக்கத்தைப் பற்றிய தகவல்கள். படிப்பவருக்கு அவை பக்கத்தின் உள்ளே தெரியாது. டைட்டில் மட்டும் உலாவியின் மேல்பகுதியில் தெரியும். கூகுளில் தேடுபவருக்கும் பெரும்பாலும் அந்தத் தலைப்பே முதலில் கண்ணில் படும். பாடி பகுதியில் எழுதுவதே திரையில் தெரியும் செய்தி.

இதைச் சேமிக்கும்போதுதான் புதியவர்கள் பலர் தடுமாறுகிறார்கள். நோட்பேட் தன் வழக்கப்படி ‘டிஎக்ஸ்டி’ என்ற பின்னொட்டைச் சேர்த்துவிடும். அப்படிச் சேமித்தால் உலாவி டேக்குகளை அப்படியே எழுத்தாகக் காட்டும். சேமிக்கும் பெட்டியில் கோப்பு வகை என்ற இடத்தில் ‘எல்லாக் கோப்புகளும்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். கோப்பின் பெயரை ‘இன்டெக்ஸ்’ என்று ஆங்கிலத்தில் அடித்து, புள்ளி வைத்து, ‘ஹெச்டிஎம்எல்’ என்று முடியுங்கள். அதே பெட்டியில் எழுத்துக் குறியாக்கம் யூடிஎஃப்-8 என்று இருக்கிறதா எனவும் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு அந்தக் கோப்பை இருமுறை சொடுக்கினால் உங்கள் முதல் பக்கம் உலாவியில் திறக்கும்.

தினமும் தேவைப்படும் டேக்குகள்

தலைப்புகள்: ஹெச்1 முதல் ஹெச்6 வரை ஆறு நிலைகள் உண்டு. ஹெச்1 பக்கத்தின் முதன்மைத் தலைப்பு. அதை ஒரு முறை மட்டும் பயன்படுத்துவது நல்ல வழக்கம். ‘தகுதி’, ‘தேவையான சான்றுகள்’ போன்ற உட்தலைப்புகளுக்கு ஹெச்2. எழுத்து பெரிதாகத் தெரிய வேண்டும் என்பதற்காக ஒரு சாதாரண வரிக்குத் தலைப்பு டேக் போடாதீர்கள். செவியால் கேட்பவர் அதை உண்மையான தலைப்பு என்று நம்பி அங்கே தாவிச் செல்வார்.

பட்டியல்: புள்ளியிட்ட பட்டியலுக்கு யூஎல், எண்ணிட்ட பட்டியலுக்கு ஓஎல். உள்ளே வரும் ஒவ்வோர் உருப்படிக்கும் எல்ஐ.

<யூஎல்>
<எல்ஐ>மதிப்பெண் சான்றிதழ் நகல்</எல்ஐ>
<எல்ஐ>வருமானச் சான்று</எல்ஐ>
<எல்ஐ>கல்லூரிக் கட்டண ரசீது</எல்ஐ>
</யூஎல்>

‘முதலில் இதைச் செய்யுங்கள், பிறகு இதை’ என்று படிப்படியாகச் சொல்லும் இடங்களில் ஓஎல் போடுங்கள். எண்களை உலாவியே போட்டுக்கொள்ளும். நடுவில் ஒரு படியைச் சேர்த்தாலும் எண்களைத் திருத்தும் வேலை உங்களுக்கு இல்லை.

அழுத்தம்: முக்கியமான சொல்லுக்கு ஸ்ட்ராங் என்ற டேக். கடைசித் தேதிக்கு இது பொருத்தம். ஒரு பத்தியில் பாதிக்கு மேல் இதைப் போட்டால் எதுவுமே முக்கியமாகத் தெரியாது.

இணைப்பு: இணைய வலையின் உயிரே இதுதான். ஏ என்ற ஒற்றை எழுத்து டேக். அதற்குள் ஹெச்ரெஃப் என்ற பண்பில் செல்ல வேண்டிய முகவரியை எழுதுகிறோம்.

<ஏ ஹெச்ரெஃப்="செல்ல வேண்டிய முகவரி">விண்ணப்பப் படிவம்</ஏ>

திரையில் ‘விண்ணப்பப் படிவம்’ என்ற சொற்கள் மட்டும் தெரியும். தொட்டால் அந்த முகவரிக்குச் செல்லும். ‘இங்கே தொடவும்’ என்று எழுதுவதைவிட, எங்கே செல்கிறோம் என்பதைச் சொல்லும் சொற்களில் இணைப்பு கொடுப்பது நல்லது.

படம்: ஐஎம்ஜி டேக். இதற்கு முடிவு டேக் இல்லை. எஸ்ஆர்சி என்ற பண்பில் படக் கோப்பின் பெயரும், ஆல்ட் என்ற பண்பில் படத்தில் என்ன இருக்கிறது என்ற விளக்கமும் எழுத வேண்டும். இணைப்பு மெதுவாக இருந்து படம் வராதபோது அந்த விளக்கம் திரையில் தெரியும். பார்வையற்றவருக்கு அதுவே வாசிக்கப்படும். எங்கள் அறிவிப்பில் விடுபட்டுப்போனது இதுதான்.

அட்டவணை: டேபிள் டேக். வரிசைக்கு டிஆர், தலைப்புக் கட்டத்துக்கு டிஹெச், சாதாரணக் கட்டத்துக்கு டிடி. வகுப்பு நேரங்கள், விலைப்பட்டியல் போன்றவற்றுக்கு மட்டும் பயன்படுத்துங்கள்.

தமிழும் அரபியும்

நம் வீடுகளில் தமிழ், அரபி, சில வீடுகளில் உருது என்று ஒரே பக்கத்தில் பல எழுத்துகள் கலக்கின்றன. மதரஸா பாடக் குறிப்பை இணையப் பக்கமாக்க விரும்பும் ஆசிரியர்கள் இப்பகுதியைக் கவனமாகப் படியுங்கள்.

ஒரு காலத்தில் தமிழ் இணையப் பக்கங்களைப் படிக்க ஒவ்வொரு தளத்துக்கும் ஓர் எழுத்துருவை இறக்கிக்கொள்ள வேண்டியிருந்தது பலருக்கு நினைவிருக்கும். அது இல்லையென்றால் புரியாத குறிகளே தெரியும். உலக மொழிகளின் ஒவ்வோர் எழுத்துக்கும் தனி எண் கொடுக்கும் யூனிகோடு முறையால் அந்தச் சிக்கல் தீர்ந்தது. அந்த எண்களைக் கோப்பில் எழுதி வைக்கும் முறையே யூடிஎஃப்-8. ‘மெட்டா சார்செட்’ வரியை விட்டுவிட்டால் உலாவி தவறாக ஊகித்து, தமிழுக்குப் பதில் கிறுக்கல்களைக் காட்டக்கூடும்.

லாங் என்ற பண்பு பக்கத்தின் மொழியைச் சொல்கிறது. தமிழுக்கு ‘டிஏ’, அரபிக்கு ‘ஏஆர்’, உருதுக்கு ‘யூஆர்’. பக்கம் தமிழ் என்று தெரிந்தால்தான் வாசிக்கும் செயலி தமிழ்க் குரலைத் தேர்ந்தெடுக்கும். மொழியைக் குறிக்காவிட்டால் வேறு மொழிக் குரலில் தடுமாறி வாசிக்கவும் வாய்ப்புண்டு.

அரபி, உருது எழுத்துகள் வலமிருந்து இடமாக ஓடுபவை. நம் முன்னோர் தமிழை அரபி எழுத்தில் எழுதிய அர்வியும் அப்படியே. அவற்றுக்கு டிர் என்ற பண்பு உண்டு.

<பி லாங்="ஏஆர்" டிர்="ஆர்டிஎல்">அரபி வாசகம்</பி>

இதைப் போடாவிட்டாலும் அரபி எழுத்துகள் சேர்ந்தே தெரியும். ஆனால் வரி இடது ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும். முற்றுப்புள்ளியும் அடைப்புக்குறியும் தவறான பக்கத்தில் போய் நிற்கும். எண்ணும் தமிழ்ச் சொல்லும் கலந்த வரியில் வரிசையே மாறித் தெரியலாம். எனவே ஒரே பத்தியில் இரண்டையும் கலக்காமல், அரபிக்கு ஒரு பத்தி, தமிழ் விளக்கத்துக்கு ஒரு பத்தி என்று பிரித்து எழுதுவது பாதுகாப்பானது.

வழக்கமாக நேரும் தவறுகள்

ஹெச்டிஎம்எல்லில் தவறு செய்தால் உலாவி பிழைச் செய்தி காட்டாது. தன்னால் முடிந்தவரை சமாளித்துக் காட்டும். அதனால் தவறை நாமே தேட வேண்டும்.

பக்கத்தின் பாதிக்குப் பிறகு எல்லாமே தடித்த எழுத்தாகத் தெரிகிறதா? ஸ்ட்ராங் டேக்கை மூட மறந்திருப்பீர்கள்.

நோட்பேடில் வரிவரியாக அடித்தது திரையில் ஒரே பத்தியாக ஒட்டி வருகிறதா? உலாவி எத்தனை இடைவெளி, எத்தனை புது வரி வந்தாலும் ஒரே இடைவெளியாகவே எடுத்துக்கொள்ளும். தனிப் பத்திக்குப் பி, முகவரி போன்றவற்றில் வரியை உடைக்க பிஆர் டேக் வேண்டும்.

உங்கள் கணினியில் தெரிந்த படம் இணையத்தில் ஏற்றிய பின் தெரியவில்லையா? உங்கள் கணினியின் டிரைவ் எழுத்துடன் முழுப் பாதையைக் கொடுத்திருப்பீர்கள். அந்தப் பாதை உங்கள் கணினியில் மட்டுமே உண்டு. படத்தையும் பக்கத்தையும் ஒரே கோப்புறையில் வைத்துக் கோப்பின் பெயரை மட்டும் கொடுங்கள். விண்டோஸ் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும். பல இணைய வழங்கிகள் அப்படி அல்ல. கோப்பின் பெயர்களை எப்போதும் ஆங்கிலச் சிறிய எழுத்துகளில், இடைவெளி இல்லாமல் வையுங்கள்.

கைபேசியில் எழுத்து எறும்பு அளவு தெரிகிறதா? ஹெட் பகுதியில் ‘வியூபோர்ட்’ என்ற மெட்டா வரி விடுபட்டிருக்கும். இந்த ஒரு வரியைச் சேர்த்தால், பக்கம் திரையின் அகலத்துக்கு ஏற்ப அமையும்.

மற்றவர்கள் எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று பார்க்கவும் வழி உண்டு. கணினி உலாவியில் கன்ட்ரோல் விசையுடன் யூ எழுத்தை அழுத்தினால் எந்தப் பக்கத்தின் ஹெச்டிஎம்எல்லும் தெரியும். இதில் ஓர் எச்சரிக்கையும் அடங்கியிருக்கிறது. பக்கத்தில் நாம் எழுதும் எதுவும் ரகசியம் அல்ல. உதவி பெறுபவர்களின் பெயர், கைபேசி எண், ஆதார் எண் ஆகியவற்றைத் திரையில் தெரியாதபடி மறைத்து எழுதினாலும், பார்க்கத் தெரிந்தவர் பார்த்துவிடுவார். உதவி பெற்றவரின் மானம் காப்பது நம் பொறுப்பு. அத்தகவல்களைப் பக்கத்தில் எழுதவே கூடாது.

ஏமாறாமல் இருக்கவும் இது உதவும்

இணையப் பக்கம் எழுதும் எண்ணமே இல்லாத பெரியவர்களும் இரண்டு செய்திகளைத் தெரிந்துகொள்வது நல்லது.

ஒன்று, இணைப்பில் தெரியும் சொற்கள் வேறு, செல்லும் முகவரி வேறு. ஏ டேக்கை மேலே பார்த்தோம். ‘உங்கள் வங்கி’ என்றோ ‘அரசு உதவித்தொகை’ என்றோ எழுதிவிட்டு, ஹெச்ரெஃப்பில் மோசடிக்காரனின் முகவரியை யார் வேண்டுமானாலும் வைக்கலாம். மின்னஞ்சலில் வரும் இணைப்பைத் தொடும் முன், கணினியில் அதன் மேல் சுட்டியை வைத்துப் பாருங்கள். திரையின் கீழ் ஓரத்தில் உண்மையான முகவரி தெரியும். கைபேசியில் இணைப்பை விரலால் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால், பெரும்பாலான செயலிகளில் முகவரி தெரியும்.

மற்றொன்று, திரையில் தெரியும் தொகை உண்மையாக இருக்க வேண்டியதில்லை. கணினி உலாவியில் எஃப்12 விசையை அழுத்தினால், திறந்திருக்கும் பக்கத்தின் ஹெச்டிஎம்எல்லை நம் திரையில் மட்டும் மாற்றிப் பார்க்கலாம். வங்கிப் பக்கத்தில் ஐந்நூறை ஐம்பதாயிரமாக்க ஒரு நிமிடம் போதும். வங்கிக் கணக்கில் எதுவும் மாறாது. பக்கத்தைப் புதுப்பித்தால் பழைய தொகையே வரும். ஆனால் அதற்குள் படம் பிடித்து, ‘பணம் அனுப்பிவிட்டேன், பொருளைக் கொடுங்கள்’ என்றோ, ‘தவறுதலாக உங்கள் கணக்கில் அதிகம் போட்டுவிட்டோம், திருப்பி அனுப்புங்கள்’ என்றோ ஏமாற்றுகிறார்கள். கடை வைத்திருக்கும் சகோதரர்கள், படத்தை நம்பாமல் உங்கள் கணக்கில் பணம் ஏறியதா என்று பார்த்த பிறகே பொருளைக் கொடுங்கள். ஏமாற்றப்பட்டால் தாமதிக்காமல் 1930 என்ற தேசிய சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.

பெற்றோர்களின் கவனத்துக்கு

‘வெப் டிசைனிங் படித்தால் உடனே வேலை’ என்று விளம்பரம் செய்து ஆயிரக்கணக்கில் கட்டணம் வாங்கும் மையங்கள் உண்டு. நகையை அடகு வைத்துச் சேர்த்துவிட்டு, பிள்ளைக்கு அத்துறையில் ஆர்வமே இல்லை என்று பின்னர் வருந்திய குடும்பங்களையும் நாங்கள் அறிவோம். வெளிப்படையாகச் சொல்கிறோம்: ஹெச்டிஎம்எல் மட்டும் தெரிந்தால் வேலை கிடைக்காது. பக்கத்துக்கு நிறம், எழுத்துரு, அமைப்பு தருவது சிஎஸ்எஸ். பொத்தானை அழுத்தினால் ஏதாவது நடக்கச் செய்வது ஜாவாஸ்கிரிப்ட். படிவத்தில் நிரப்பிய தகவலைப் பெற்றுச் சேமிக்க வழங்கிப் பக்கத்தில் இன்னொரு நிரல் வேண்டும். இவற்றைப் படித்துப் பழக மாதங்கள் ஆகும்.

அப்படியானால் ஹெச்டிஎம்எல்லை முதலில் ஏன் படிக்க வேண்டும்? மற்ற எல்லாமே இதன் மேல்தான் கட்டப்படுகின்றன. அத்தோடு, பிள்ளைக்கு இதில் நாட்டம் இருக்கிறதா என்பதைப் பைசா செலவில்லாமல் அறிந்துகொள்ள இதுவே எளிய வழி. இரண்டு வாரம் வீட்டில் பழகட்டும். ஆர்வம் வளர்ந்தால் அதன் பிறகு கட்டணப் படிப்பைப் பற்றி யோசிக்கலாம். சேர்க்கும் முன், ஹெச்டிஎம்எல்லுக்குப் பிறகு என்னென்ன கற்றுத் தருவார்கள், மாணவர்கள் செய்து முடித்த பக்கங்களைக் காட்ட முடியுமா, இடையில் விலகினால் கட்டணம் திரும்புமா என்ற மூன்று கேள்விகளைக் கேளுங்கள்.

இலவசமாகப் படிக்க நம்பகமான வழிகள் பல உள்ளன. தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் பதினோராம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகள் நூலில் ஹெச்டிஎம்எல்லுக்கெனத் தனிப் பாடங்கள் உள்ளன. தமிழ் வழி நூலையும் இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். கணியம் அறக்கட்டளையினர் கணினி நுட்பங்களை எளிய தமிழில் விளக்கும் இலவச மின்னூல்களை வெளியிட்டு வருகிறார்கள். ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவர்களுக்கு மோசில்லாவின் எம்டிஎன், ஃப்ரீகோட்கேம்ப் ஆகிய தளங்கள் உள்ளன.

இரண்டு வாரத் திட்டம்

தினமும் முக்கால் மணி நேரம் ஒதுக்கினால் போதும்.

முதல் இரண்டு நாட்கள்: மேலே கொடுத்த முதல் பக்கத்தைப் பார்க்காமல் அடிக்கும்வரை பழகுங்கள்.

மூன்றாம் நாள் முதல் ஐந்தாம் நாள் வரை: தலைப்பு, பத்தி, பட்டியல். உம்மாவின் சமையல் குறிப்பு ஒன்றை எழுதிப் பாருங்கள். பொருள்களுக்கு யூஎல், செய்முறைக்கு ஓஎல்.

ஆறாம் நாள் முதல் எட்டாம் நாள் வரை: இணைப்பும் படமும். இரண்டு பக்கங்கள் எழுதி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் சென்று வாருங்கள். ஒவ்வொரு படத்துக்கும் ஆல்ட் எழுதுங்கள்.

ஒன்பதாம், பத்தாம் நாட்கள்: அட்டவணை. உங்கள் தெருவில் உள்ள ஒரு கடையின் விலைப்பட்டியலை எழுதுங்கள்.

மீதி நான்கு நாட்கள்: யாருக்காவது பயன்படும் ஒரு பக்கத்தை முழுமையாக எழுதுங்கள். வாப்பாவின் கடை, லாத்தாவின் தையல் வேலை, மதரஸா நேரங்கள் என எதுவாகவும் இருக்கலாம். முடித்த பிறகு கைபேசியின் வாசிக்கும் வசதியை இயக்கி, கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். கேட்டதை வைத்தே முழுச் செய்தியும் புரிந்தால் பக்கம் சரியாக அமைந்திருக்கிறது.

உங்கள் கணினியில் இருக்கும் பக்கம் உங்களுக்கு மட்டுமே தெரியும். உலகம் பார்க்க வேண்டுமானால் ஒரு வழங்கியில் ஏற்ற வேண்டும். கிட்ஹப் பேஜஸ் போன்ற சேவைகளில் இதைக் கட்டணமின்றிச் செய்யலாம். முதல் பக்கத்துக்கு ‘இன்டெக்ஸ்’ என்று பெயர் வைத்தோம் அல்லவா? தளத்தின் முகவரியை மட்டும் அடிப்பவருக்கு வழங்கி வழக்கமாக முதலில் காட்டுவது அந்தப் பெயருள்ள பக்கத்தையே.

இனி நம் அறக்கட்டளையின் எந்த அறிவிப்பும் படமாக மட்டும் வெளிவராது என்று முடிவு செய்திருக்கிறோம். எழுத்தாகவும், இணையப் பக்கமாகவும் சேர்த்தே வெளிவரும். இந்த வேலையில் உதவ விரும்பும் மாணவ, மாணவியரும் சகோதரிகளும் தாங்கள் எழுதிய ஒரு பக்கத்தோடு எங்கள் அலுவலகத்துக்கு வாருங்கள். அது பிழையோடு இருந்தாலும் பரவாயில்லை, சேர்ந்து திருத்திக்கொள்வோம். அடுத்த கல்வியாண்டு அறிவிப்பு வரும்போது, கடைசி நாள் கடந்த பிறகு நம் வாசலுக்கு ஒருவரும் வரக்கூடாது. இன்ஷா அல்லாஹ், அதற்கான பக்கத்தை நம் பிள்ளைகளே எழுதட்டும்.